கூட்டிட்டு வர்றேன்

பிப்ரவரி 4

வாலு,

எழுத உட்கார்ந்ததும் கை தானாக எழுதிய பெயர் இது. இப்போது உன்னை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்றால் அடித்துவிட்டு மேலே படி.

போனில் பேசினால் நமக்குள் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும் என்கிறான் உன் சித்தப்பா. “கடுதாசின்னா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்த முடியாதுல்ல” என்றான். அதனால்தான் எழுதுகிறேன். நாளை வியாழக்கிழமை. மருந்துப் பெட்டிகளோடு இதையும் விமானத்தில் எடுத்துக்கொண்டு உங்கள் ஊரில் வந்து இறங்குவான். கொடுக்கும்போது உறையைக் கையில் தூக்கிப் பார்த்து, “நாலு வருஷத்துக்கு இவ்ளோதானா வெயிட்டு?” என்று கேட்பான். கேட்டானா இல்லையா என்று எழுது.

விமானத் திடலில் எல்லாம் பழையபடிதான். விமானங்கள் மூன்று. நம் பக்கத்தில் நான், டீசல், புதிதாக வந்திருக்கும் காவல்காரர். விமானத்துக்குப் பெட்ரோல் நிரப்புகிறவனுக்கு டீசல் என்று பெயர் வைத்தது நீதான், அது இன்னும் போகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் குப்பை கொட்டுகிறார்கள், அதனால் பருந்துகள் மேலே வட்டமடிக்கின்றன. நகராட்சிக்கு எழுதிப் பார்த்தோம். குப்பை நின்றபாடில்லை. புல்லை ஒட்ட வெட்டினால் பூச்சி பொறுக்கக் கொக்கு வருகிறது. வளர விட்டால் முயல் படுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் உயரம் இருக்கிறது, அதைப் பிடித்து வைத்திருப்பதுதான் என் வேலை. ஓடுபாதையின் மேற்கு ஓரத்தில், சரளைக்கல் நடுவே, ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருக்கிறது. எத்தனை இடம் கிடக்கிறது, அதற்குக் கிடைத்த இடம் அது. திடல் விதிப்படி நான் எடுத்துப் போட வேண்டும். சுற்றிலும் சுண்ணாம்பு பூசிய கல் வைத்திருக்கிறேன். ஜீப் போனால் தலைக்கு மேல் பறந்து திட்டுகிறது.

புதுக் காவல்காரருக்கு ஒரே ஒரு விஷயத்தைப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. உன் சித்தப்பா மேலேயிருந்து ஓடுபாதையில் பறவை இருப்பதைப் பார்த்தால் உடனே இறங்க மாட்டான். முழுநீளத்துக்கும் தாழப் பறந்து சத்தத்தால் அவற்றை ஓரத்துக்கு விரட்டிவிட்டு, ஒரு வட்டம் சுற்றி வந்துதான் இறங்குவான். அப்போது வயர்லெஸ்ஸில் அவன் சொல்வது உனக்குத் தெரியும்: “அண்ணே, கூட்டிட்டு வர்றேன்.” தரையைக் கூட்டுவது. அவன் கூட்டும்போது கீழே இருக்கிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், பறவை விரட்டும் துப்பாக்கியால் வேட்டு போடக் கூடாது. விமானச் சத்தத்துக்குப் பறவை பக்கவாட்டில் விலகும். வேட்டுச் சத்தத்துக்கு நேரே மேலே எழும்பும். நேராக இறங்க வருகிறவனுக்குத்தான் வேட்டு, அதுவும் அவன் தொலைவில் இருக்கும்போதே. இதை அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது உன் அம்மாவின் நினைவு வந்தது. வந்த புதிதில் ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், வயர்லெஸ்ஸில் “கூட்டிட்டு வர்றேன்” என்பதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, மூன்று பேருக்கு அதிகமாகச் சமைத்துவிட்டாள். இவன் மட்டும் தனியாக இறங்கி வருகிறான். “எங்க அவங்கல்லாம்?” என்று வாசலை எட்டிப் பார்த்தாள். “கொக்கு அண்ணி. கூப்பிட்டேன், வரமாட்டேன்னுடுச்சு” என்றான். அந்தச் சாப்பாட்டை நாங்கள் மறுநாளும் சாப்பிட்டோம்.

எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்று கேட்பாய். ஒரு வியாழக்கிழமை அவனோடு ஏறி வந்துவிட்டுப் போ. திரும்பிப் போகப் பஸ் இருக்கிறது. வற்புறுத்தவில்லை.

அப்பா

•

பிப்ரவரி 12

அப்பாவுக்கு,

கேட்டார். நீங்கள் எழுதியபடியே, உறையைத் தூக்கிப் பார்த்துக் கேட்டார். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று: சித்தப்பா வியாழக்கிழமைதோறும் எங்கள் கண்ணாடிக் கடைக்கு வந்து, தன் கண்ணாடி கோணலாக உட்காருகிறது, சரி செய்து கொடு என்பார். கண்ணாடியில் ஒரு குறையும் இருக்காது. “கண்ணாடி நேராத்தான் இருக்கு, உங்க மூக்குதான் கோணல்” என்பேன். “அப்ப மூக்கை ராவி விடு” என்பார். நான் இங்கே லென்ஸின் ஓரத்தை ராவி ஃபிரேமுக்குப் பொருத்துகிறேன். நாள் முழுக்கத் தண்ணீரும் வெள்ளைச் சாந்துமாகக் கை ஊறிப்போயிருக்கும். வேலை பிடித்திருக்கிறது. பறக்கிற வேலை இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் முயலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், கொக்கைப் பற்றி, குருவி முட்டையைப் பற்றி, அம்மாவைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறீர்கள். நான் ஏன் வீட்டை விட்டு வந்தேன் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் எழுதுகிறேன். விமானப் பயிற்சியில் சேர உங்கள் கையெழுத்து ஒன்றுதான் குறைவாக இருந்தது. நீங்கள் போடவில்லை. அதைக்கூட மறந்திருப்பேன். டீசல் மாமா, சித்தப்பா எல்லோரும் நிற்கும்போது சொன்னீர்கள்: “நீ விமானத்துல ஏறுற அன்னிக்கு நான் ஒரு குருவியைக்கூட விரட்ட மாட்டேன்.” மற்ற எல்லோருக்காகவும் வெயிலில் ஓடுகிறவர் எனக்கு மட்டும் ஓட மாட்டேன் என்றீர்கள். அந்த வாக்கியத்தோடுதான் பஸ் ஏறினேன்.

மன்னிப்புக் கேட்க உங்களுக்கு வராது. எனக்கும் வராது, உங்களிடமிருந்து எடுத்த வழக்கம். அதனால் சுலபமாக ஒன்று கேட்கிறேன். நான் வருகிற அன்று, மேலே நான் உட்கார்ந்திருக்கும்போது, கீழே உங்கள் வேட்டுச் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும். எனக்காக நீங்கள் விரட்டியதாக எடுத்துக்கொள்வேன். வேறு எதுவும் பேச வேண்டாம்.

சம்மதம் என்றால் எழுதுங்கள்.

மகள்

•

பிப்ரவரி 18

வாலு,

சம்மதம். 26ஆம் தேதி வியாழன். வேட்டு கேட்கும்.

உன் கேள்விக்கும் ஒரு வரி. நான் அப்படிச் சொன்னதற்கு முந்தின வாரம், பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் இறங்கும்போது பருந்து ஒன்று முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. பையன் பிழைத்தான். அவன் முகத்தை நீ பார்க்கவில்லை. அந்த இருக்கையைக் கழுவியது நான். உன்னிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னேன்.

முட்டை இன்னும் பொரியவில்லை. நீ வரும்போது இருந்தால் காட்டுகிறேன்.

அப்பா

•

மார்ச் 20

அப்பாவுக்கு,

இதைத் தபாலில் போடுகிறேன். தபால்தலை எவ்வளவு என்றுகூட எனக்குத் தெரியவில்லை, கடை முதலாளியிடம் கேட்டு ஒட்டினேன். கொண்டுவந்து தருவதற்கு அவர் இருந்தார், அதனால் இதையெல்லாம் தெரிந்துகொள்ளவே வேண்டியிருக்கவில்லை.

சித்தப்பாவின் காரியத்துக்கு நான் வந்திருந்தேன். பின்னால், வாசல் தூணை ஒட்டி நின்றேன். நீங்கள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன், தலையை நிமிர்த்தவே இல்லை. கிட்டே வர இரண்டு முறை கால் எடுத்தேன். உங்கள் தோள் என்னைக் கண்டு ஒதுங்கியது போல் இருந்தது. அது என் பிரமையாகவும் இருக்கலாம். சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அன்று நான் ஏன் ஏறவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அவசர ஆர்டர் ஒன்று வந்துவிட்டது. சித்தப்பா கடைக்கு வந்து நின்றார். “இன்னிக்கு முடியாது சித்தப்பா, அடுத்த வாரம் வரேன்” என்றேன். “உங்கப்பன் முழிச்ச முழியில ஒரு வாரம் நிப்பானே” என்றார். பிறகு, “சரி விடு, நான் சொல்லிக்கிறேன்” என்று போய்விட்டார். போகும்போது கண்ணாடியைக் கழற்றி என் மேஜையில் வைத்து, “அடுத்த வாரத்துக்குள்ள மூக்கை ராவி வை” என்றார். அந்தக் கண்ணாடி இங்கேதான் இருக்கிறது. தூரப்பார்வைக்கு அவருக்குக் கண்ணாடி தேவையில்லை, படிக்கத்தான். இதை நான் என்னிடமே பலமுறை சொல்லிக்கொள்கிறேன்.

விசாரணை அதிகாரி சொன்னது இதுதான்: தாழப் பறந்தபோது கொக்குக் கூட்டம் எழும்பி முன்விசிறியிலும் முன்கண்ணாடியிலும் மோதியது. எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் புரியவில்லை. சித்தப்பா கூட்டும்போது கொக்கு எழும்பாதே, விலகித்தானே போகும். சின்ன வயதில் பின் இருக்கையிலிருந்து எத்தனை முறை பார்த்திருக்கிறேன், வெள்ளைத் துணியை இரண்டாகக் கிழிப்பது போல் இரண்டு பக்கமும் ஒதுங்கும். அன்று மட்டும் ஏன் மேலே வந்தது?

நான் கூட இருந்திருந்தால் இரண்டு ஜோடிக் கண் இருந்திருக்கும். இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

என்ன நடந்தது அப்பா?

மகள்

•

ஏப்ரல் 2

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காரியத்தன்று உன்னைப் பார்த்தேன். தலையை நிமிர்த்தாமலே பார்த்தேன், உன் செருப்பைத் தெரியும்.

பறவை எழும்பியது. அவ்வளவுதான். பறவை எப்போதும் ஒரே மாதிரி செய்யும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. புழு தார் மேல் ஏறி வந்திருந்தது. கொக்கு அதற்காக வந்தது. வழக்கத்தைவிட அதிகம்.

இரண்டு ஜோடிக் கண் என்று எழுதியிருக்கிறாய். அப்படி இல்லை. இரண்டு ஜோடிக் கண் இருந்திருந்தால் இரண்டு பேர் போயிருப்பீர்கள். இதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். நீ ஆர்டர் பார்த்தது நல்லதுக்குத்தான். இனிமேல் அதை நினைக்கக் கூடாது. இது கேள்வி கேட்பதற்கான விஷயம் இல்லை.

திடலை மூடி வைத்திருக்கிறார்கள். மருந்துப் பெட்டிகள் இப்போது லாரியில் போகின்றன. விசாரணை முடியும்வரை ஜீப் சாவி என்னிடம் இல்லை. குடியிருப்பைக் காலி செய்யும்படி இன்னும் சொல்லவில்லை, சொல்வார்கள் என்று டீசல் சொல்கிறான். ஓடுபாதை வெடிப்பில் புல் முளைக்கிறது. முயல் நடுவில் உட்கார்ந்து காது சொறிகிறது. ஆள்காட்டிக் குஞ்சுகள் பொரிந்துவிட்டன. யாரும் மிதிக்க வராததால் எல்லாம் பிழைத்துவிட்டன. தாய்க்குருவிக்கு மட்டும் திட்டுவதற்கு ஆள் இல்லை, நான் நடந்து போனால் சந்தோஷமாகத் திட்டுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

•

ஏப்ரல் 11

அப்பாவுக்கு,

“அன்புள்ள மகளுக்கு” என்று எழுதியிருந்தீர்கள். வாலு என்று எழுதவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது, எதையோ மறைக்கிறீர்கள்.

டீசல் மாமாவுக்குப் போன் செய்தேன். அவர் மேல் கோபப்படாதீர்கள். “நான் ஒண்ணும் சொல்லல பாப்பா, நீயாத்தான் கேட்ட, ஞாபகம் வச்சுக்க” என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

“உங்கப்பா அன்னிக்குச் சவரம் பண்ணி, வெளுத்த சட்டை போட்டுட்டு வந்தார். நான்கூட கிண்டல் பண்ணேன், என்னண்ணே, பொண்ணு பாக்கப் போறீங்களான்னு. ஆமாண்டா, என் பொண்ணைப் பாக்கப் போறேன்னார். ஷெட்டுக்கு வெளியில நிழல்ல ரெண்டு நாற்காலி போட்டார். ஒண்ணைத் தொடைச்சார். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி தொடைச்சார்.”

“வயர்லெஸ்ல சித்தப்பா என்ன சொன்னார் மாமா?”

“எப்பவும் சொல்றதுதான். கூட்டிட்டு வர்றேன்னார்.”

“அப்பா என்ன செஞ்சார்?”

“எழுந்தார். என்னைப் பாத்துச் சிரிச்சார் பாப்பா. அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. ‘கேட்டியாடா, கூட்டிட்டு வர்றானாம்’னார். எனக்கு ஒண்ணும் தோணல, கொக்கைத்தான் சொல்றார்னு இருந்துட்டேன். ஜீப்பை எடுத்துட்டுப் பறந்தார்.”

அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. நானும் கேட்கவில்லை. வேட்டுச் சத்தம் கேட்டதா என்று நான் கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பார்.

அப்பா, நீங்கள் அம்மா மாதிரி கேட்டுவிட்டீர்கள்.

வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லை ஒரே அர்த்தத்தில் கேட்டவர் நீங்கள். திடலில் வேறு யார் இருந்திருந்தாலும், அந்தப் புதுக் காவல்காரர் இருந்திருந்தால்கூட, கொக்கு என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார். உங்களுக்கு மட்டும்தான் அன்று அது வேறு மாதிரி கேட்டிருக்க முடியும். ஏனென்றால் வேட்டு வேண்டும் என்று கேட்டு எழுதியது நான்.

அதனால் இது கேள்வி கேட்பதற்கான விஷயம் இல்லை என்று எனக்கு எழுதாதீர்கள். நான் கேட்ட வேட்டு அது.

அதிகாரியிடம் என்ன சொன்னீர்கள்? முழுவதும் எழுதுங்கள். கொக்கு, புழு, முயல் எதுவும் வேண்டாம்.

மகள்

•

ஏப்ரல் 24

வாலு,

முழுவதும் எழுதுகிறேன். இரண்டு கடிதத்தைக் கிழித்துவிட்டு எழுதுவது.

வயர்லெஸ் கரகரக்கவில்லை, தெளிவாகத்தான் கேட்டது. ஓடுபாதையில் கொக்கு இருந்ததும் எனக்குத் தெரியும், நாற்காலியிலிருந்தே வெள்ளையாகத் தெரிந்தது. அவன் கூட்டிட்டு வர்றேன் என்றதும் நான் நினைத்தது இதுதான்: குழந்தை வருகிறாள், ஓடுபாதை முழுக்கக் கொக்கு, இவளுக்கு மட்டும் விரட்ட மாட்டேன் என்று நான்தான் சொன்னேன். வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஜீப்பை நடுவரைக்கும் ஓட்டினேன். அவன் வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தான். தாமதமாகிவிட்டது என்று பதறி, நின்றுகொண்டே வேட்டு போட்டேன்.

இறங்க வருகிற விமானம் மூக்கைத் தூக்கி, தயங்கித் தயங்கி வரும். கூட்ட வருவது மூக்கைத் தாழ்த்தி, வேகமாக, மட்டமாக வரும். அவன் மட்டமாக வருகிறான் என்று கண் சொன்னபோது விரல் அழுத்திவிட்டிருந்தது. கொக்கெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தது. பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

இது வரைக்கும் டீசல் சொன்னதைவிடப் புதிதாக ஒன்றும் இல்லை. நான் உனக்கு எழுதாமல் இருந்தது வேறு.

புல்லுக்குள் கிடந்த விமானத்துக்கு முதலில் ஓடியது நான். கதவு கையோடு வந்துவிட்டது. நான் முதலில் பார்த்தது என் தம்பியை இல்லை. பின் இருக்கையைப் பார்த்தேன். காலியாக இருந்தது. பெல்ட் மடித்தபடியே இருந்தது. எனக்கு நிம்மதி வந்தது, வாலு. கூடப் பிறந்தவன் கைக்கெட்டும் தூரத்தில் அப்படிக் கிடக்கும்போது நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். சத்தமாக விட்டேன். அவன் கண் திறந்திருந்தது. நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்தான்.

“வாலு வரலண்ணே” என்றான். “அடுத்த வாரம்னா.”

உன்னிடம் சொன்னபடி என்னிடம் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. காரியத்தன்று உன்னைப் பார்த்ததும் நான் ஒதுங்கினேன் என்று எழுதியிருந்தாய். உன் பிரமை இல்லை. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நிம்மதி திரும்பி வருகிறது. நீ உயிரோடு இருக்கிறாய் என்று மனசு சந்தோஷப்படுகிறது, உடனே அவன் கண் ஞாபகத்துக்கு வருகிறது. அதற்குப் பயந்துதான் தலையை நிமிர்த்தவில்லை.

அதிகாரி நல்ல மனிதர். டீசல் வயர்லெஸ் விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தான். “கூட்டிட்டு வர்றேன்னா என்னங்க? குப்பையைக் கூட்டுறதா, ஆளைக் கூட்டிட்டு வர்றதா?” என்று கேட்டார்.

“ரெண்டும்தான் சார்.”

“அவர் சொன்னது?”

“கூட்டுறது.”

“நீங்க கேட்டது?”

“கூட்டிட்டு வர்றது.”

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “யாரை?” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அவர் மறுபடி கேட்டார். சொல்லவில்லை. “நீங்க சொன்னா உங்களுக்கு நல்லதுங்க. ஒரு மனுஷன் காரணமில்லாம அப்படிக் கேக்க மாட்டான்” என்றார். உன்னை அந்த மேஜைக்கு இழுக்க எனக்கு மனம் வரவில்லை. சாட்சி பதில் அளிக்கவில்லை என்று எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். உனக்குப் போடாத கையெழுத்தை அங்கே போட்டேன்.

அந்தச் சொல்லை இனி யாரும் வயர்லெஸ்ஸில் சொல்லக் கூடாது என்று உத்தரவு வந்திருக்கிறது. எதையும் யார், எங்கிருந்து, எங்கே என்று பிரித்துச் சொல்ல வேண்டுமாம். நல்ல உத்தரவுதான். இந்த மாதக் கடைசிக்குள் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். கேட்டுப் பார்த்து மே கடைசி வரை வாங்கியிருக்கிறேன். நாற்காலிகளை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டேன்.

நீ வர வேண்டாம். எழுதினால் போதும்.

அப்பா

•

மே 6

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் பிரித்திருக்கக் கூடாது. ராவிக்கொண்டிருந்த லென்ஸ் கெட்டுப்போய்விட்டது. முதலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நீங்கள் எழுதியதற்கு நானும் ஒன்று எழுத வேண்டும். அவசர ஆர்டர் எதுவும் வரவில்லை. அன்று நானும் நல்ல உடுப்புதான் போட்டிருந்தேன். பை மேஜைக்கு அடியில் தயாராக இருந்தது. சித்தப்பா வாசலில் வந்து நின்றதும், நீங்கள் அங்கே காத்துக்கொண்டிருப்பீர்கள் என்று தோன்றியது. காக்கட்டும் என்று தோன்றியது. நாலு வருஷம் நான் காத்தேன், ஒரு வாரம் நீங்கள் காத்தால் என்ன என்று. அவ்வளவுதான் காரணம். சித்தப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பையைப் பார்த்தார். பார்த்துவிட்டு “நான் சொல்லிக்கிறேன்” என்றார்.

சொல்லிவிட்டார். அவர் ஒப்புக்கொண்ட வேலையை எதற்காகவும் பாதியில் விட்டவர் இல்லை.

நீங்கள் பின் இருக்கையைப் பார்த்ததற்கு நான் என்ன சொல்வது? அவர் உங்களைப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டாரா? நீங்கள் தேடியது யாரை என்று புரிந்துகொண்டு, அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். மூச்சு இருந்த கொஞ்ச நேரத்தில் அதைச் சொன்னால் போதும் என்று நினைத்திருக்கிறார். இதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. உங்களுக்கும் ஆறாது என்று தெரியும். எனக்கும் ஆறாது.

விசாரணை அலுவலகம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. மதியம் அனுமதி கேட்டுக்கொண்டு போனேன். மாடியில், நீளமான நடை, கடைசி அறை. அதிகாரி சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீங்க யாரும்மா?”

“நீங்க எங்கப்பாகிட்ட ஒரு கேள்வி கேட்டீங்களாம். அவர் பதில் சொல்லலையாம். நான் சொல்ல வந்திருக்கேன்.”

“என்ன கேள்வி?”

“யாரைன்னு கேட்டீங்க சார்.”

அவர் கோப்பைத் தேடி எடுத்தார். உங்கள் கையெழுத்துக்கு மேலே அந்த வரி இருந்தது. என்னைப் பார்த்தார்.

“என்னைத்தான் சார்” என்றேன்.

தனித் தாளில் முழுவதும் எழுதிக் கொடுத்தேன், நான் கேட்ட வேட்டு உட்பட. படித்துவிட்டு, “இதனால உங்கப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா” என்றார். அதற்காக வரவில்லை என்றேன். உண்மையும் அதுதான். உங்கள் பெயருக்கு நேரே பதில் இல்லை என்று ஓர் இடம் காலியாகக் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பஸ்ஸில்தான். நீங்கள் வேண்டாம் என்று எழுதியிருப்பதைப் படித்தேன். சாமான் கட்ட ஆள் வேண்டும், டீசல் மாமா கட்டினால் எதுவும் முழுசாக வந்து சேராது. அதன் பிறகு எங்கே என்பதை அங்கே வந்து பேசுவோம். என் அறையில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது, மூன்றாவது வாக்கியத்தில் சண்டை போடாத இரண்டு பேருக்கு.

தலையை நிமிர்த்த முடியாவிட்டால் நிமிர்த்த வேண்டாம். என் செருப்பு பழையதுதான், மாற்றவில்லை. நாற்காலிகளை மட்டும் மறுபடி வெளியே போடுங்கள். சித்தப்பாவின் கண்ணாடியைக் கொண்டுவருகிறேன்.

வாலு

•

மே 8

வாலு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. இதை உங்கள் ஊருக்குப் போகிற மருந்து லாரி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். சித்தப்பா அளவுக்குக் கேலி பேச மாட்டார், ஆனால் கடையில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

நாற்காலிகளை வெளியே போட்டுவிட்டேன். டீசல் பார்த்துவிட்டு, துணியைக் கொண்டுவந்து அவனே ஒன்றைத் துடைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் வருவதற்கு முன்பே வந்து நிற்பேன். நீயாக வந்துவிடுவாய் என்று தெரியும், இருந்தாலும் வருகிறேன். நானே கூட்டிக்கொண்டு போகிறேன். இப்போது எல்லாவற்றையும் பிரித்துச் சொல்லச் சொல்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்: உன்னை, பஸ் நிலையத்திலிருந்து, வீட்டுக்கு.

அப்பா